கசக்கி எறிந்த தாள்



சென்ற மாதம் பள்ளி மாணவருக்கான சதுரங்கப் போட்டி ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். நம் சபையைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தோற்று வெளியே வந்தான். அவனுடைய தகப்பனார் பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டார். சிறுவன் பதில் பேசவில்லை. தன் நகர்வுகளைக் குறித்துவைத்திருந்த தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டுப் போனான். ஆட்டத்தை இழந்ததைவிட அந்தத் தாளை இழந்ததே பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றிற்று. அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

சதுரங்கத்தில் முன்னேற விரும்புகிறவர்களில் அநேகர் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதிலேயே காலத்தைச் செலவிடுகிறார்கள். ரூய் லோப்பஸ் என்ற ஸ்பானியக் குருவானவர் 1561-இல் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் தொடக்கத்தை நம் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். எதிராளி ஐந்தாம் நகர்விலேயே வழிமாறினால் திகைத்து நிற்கிறார்கள். கற்கும் வரிசை தவறியதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

முதலாவது கற்க வேண்டியது, கையை அடக்குவது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு, "எதிராளி இப்போது ஏன் இப்படி நகர்த்தினார்? என் காய்களில் எது பாதுகாப்பின்றி நிற்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப நிலையில் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆழ்ந்த திட்டத்தால் முடிவதில்லை; கவனியாமல் விட்ட ஒரு குதிரையால் முடிகின்றன.

இரண்டாவது, முடிவிலிருந்து படிப்பது. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாயிருந்த கியூபாவின் கபாபிளாங்கா, இறுதியாட்டத்தையே முதலில் கற்க வேண்டுமென்று வலியுறுத்தினார். உங்கள் ராஜா தன் சிப்பாய்க்கு நேர் முன்னால் ஆறாம் வரிசையில் நின்றால், அது ஓரச் சிப்பாயாக இல்லாதவரை, தனித்து நிற்கும் எதிர் ராஜாவால் அதைத் தடுக்க முடியாது. இந்த ஒன்றை அறிந்தவனுக்கு, எப்போது காய்களை மாற்றிக்கொள்ளலாம், எப்போது கூடாது என்பது விளங்கத் தொடங்கும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதினான்காம் ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டுமே கூடுதல். ஆட்டம் சமனில் முடியுமென்றே பலரும் எண்ணினார்கள். அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் 55-ஆம் நகர்வில் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, அடுத்து பிஷப்புகளின் மாற்றத்தையும் தவிர்க்க முடியவில்லை. எஞ்சிய ராஜா, சிப்பாய் நிலையில் அவருக்கு மீட்பில்லை. சாம்பியனுக்கே இப்படி நேருமானால், பத்து வயதுப் பிள்ளையின் பிழைக்கு நாம் ஏன் இத்தனை கோபம் கொள்கிறோம்? அதே போட்டியில் குகேஷும் முதல் ஆட்டத்திலும் பன்னிரண்டாம் ஆட்டத்திலும் தோற்றவர்தாம்.

மூன்றாவதும் மிகவும் கடினமானதும், தோற்ற ஆட்டத்தை மறுபடியும் அடுக்கிப் பார்ப்பது. சோவியத் வீரர் பொத்வின்னிக் 1957-இல் பட்டத்தை இழந்து 1958-இல் மீட்டார். 1960-இல் மீண்டும் இழந்து, 1961-இல் தம் 49-ஆம் வயதில் திரும்பப் பெற்றார். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, பிறர் குறைகாணும்படி அந்த ஆய்வை அச்சில் வெளியிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று கணினி ஒரு நொடியில் பிழையைக் காட்டிவிடும். ஆயினும் முதலில் நீங்களே தேடுங்கள். "இங்கே அவசரப்பட்டேன், இங்கே பயந்தேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். பிறர் சொல்லிக் கேட்ட பிழை மறந்துபோகும். தானே ஒப்புக்கொண்ட பிழை மனதில் நிற்கும்.

பெற்றோரே, தோல்விக்குத் தண்டனை உண்டென்று அறிந்த பிள்ளை தோல்வியை மறைக்கவே கற்றுக்கொள்ளும். மறைத்ததை ஆராய முடியாது. ஆராயாததைத் திருத்தவும் முடியாது.

மறுவாரம் அந்தத் தாளை நீவி மேசைமேல் வைத்து, சிறுவனோடு காய்களை அடுக்கினேன். 23-ஆம் நகர்வில் அவனே நிறுத்தினான். "ஐயா, இங்கே குதிரையைப் பார்க்காமல் சிப்பாயை எடுத்துவிட்டேன்" என்றான். அருகே அமர்ந்திருந்த தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் நாற்காலியைப் பலகைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதற்குப் பதில் என்ன ஆடியிருக்கலாம்?" என்று மகனிடம் கேட்டார்.