களா இருக்கக் கிரான்பெர்ரி ஏன்?

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரத்துப் பல்பொருள் அங்காடிகளில், முந்திரிக்கும் பாதாமுக்கும் பக்கத்திலே, உலர்ந்த கிரான்பெர்ரிப் பொட்டலங்கள் இன்று சர்வசாதாரணமாகக் காணக் கிடைக்கின்றன. 2023 செப்டம்பரில், டில்லியில் ஜி-20 மாநாடு கூடிய சமயத்தில், அமெரிக்கக் கிரான்பெர்ரியின் மீதான சுங்கவரியைக் குறைக்க நம் அரசு இசைந்தபடியால், இந்த வரவு இன்னும் பெருகும் என்றே தோன்றுகிறது. ஓவன் வாங்கி வைத்து வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்யும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றி வருவதை மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும், அந்தக் கேக்குக்கு வேண்டிய புளிப்பைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டிய அவசியம் இவ்வூராருக்கு இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஸ்கான்சின், மாசசூசெட்ஸ் முதலிய குளிர்ப் பிரதேசங்களில் விளைந்து, வயலில் நீரைத் தேக்கி மிதக்கவிட்டு வாரப்படும் அப்பழத்தின் சிறப்பெல்லாம், பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பும் மெல்லிய துவர்ப்புமே. நம் கடைக்கு வருவதோ பெரும்பாலும் சர்க்கரை ஏற்றி உலர்த்தியது. எந்தக் குணத்தை நாடி அதை வாங்குகிறோமோ, அக்குணத்தில் பெரும்பங்கு அதற்குள் இனிப்பில் அமுங்கிப் போய்விடுகிறது.

செங்கல்பட்டு வட்டாரத்துப் புதர்க்காடுகளில் முள்ளும் பாலுமாய் வளரும் களாவிடம் அதே புளிப்பு, அதே துவர்ப்பு, அதே செந்நிறம் யாவும் இருக்கின்றன. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து பாடும் சேர வேந்தனுக்குக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் என்று பெயர் தந்த செடி அது. ஊறுகாய் ஜாடியோடு அதன் பிரயோகத்தை நாம் நிறுத்திக்கொண்டோம். ஒரகடம் ஆலைகளுக்கு வேலை தேடி வந்திருக்கும் உத்தரப் பிரதேசத்து இளைஞரைக் கேட்டால், தம் ஊரில் கரௌந்தா எனப்படும் இக்களாவைப் பச்சை மிளகாயோடு வதக்கி ரொட்டியுடன் உண்ணும் ருசியைச் சொல்வார். பேக்கரிப் பன்னின் மேல் செர்ரி என்று வீற்றிருப்பதும் அநேகமாகச் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாதான்.

செங்காயாகப் பார்த்து வாங்கி, கத்திக்கும் விரலுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகக் கீறி விதையை நீக்கி, வெண்பால் வடியும்வரை உப்பு நீரில் போட்டு அலசிவிட வேண்டும். பின்பு சர்க்கரை சேர்த்துச் சிறு தீயில் வைத்தால், வெளிறிய துண்டுகள் கண்முன்னே இரத்தச் சிவப்பாக மாறும். பெக்டின் மிகுந்த காயாகையால் பாகு தானே இறுகும். அதை ஆறவைத்து ரவை கேக்கின் மாவிலே கலக்கலாம். ஆப்ப சோடாவை மட்டும் அளவோடு போடுவது விவேகம். மிஞ்சினால் சிவப்பு நீலம் பாரித்துவிடும்.

மனைப்பிரிவுகளுக்காகப் புதர்களை வேரோடு பெயர்த்தெறியும் இக்காலத்தில், களா எத்தனை நாள் எஞ்சியிருக்கும் என்ற கவலை எனக்கு மெய்யாகவே உண்டு. ஆடு மாடு நுழையாத உயிர்வேலிக்கு இதைவிடத் தகுந்த செடி அரிது. ஆகவே, நன்கு கனிந்த பழம் கிடைத்தால் அதன் விதைகளைக் குப்பையில் எறியாதீர்கள். காய்ந்தால் முளைப்புத் திறன் விரைவில் குன்றிவிடுமாதலால், எடுத்த கையோடு தொட்டியில் ஊன்றி, மழைக்காலத்தில் மதிலோரம் பிடுங்கி நடுங்கள்.