இடுப்பு வலியா? படுத்துக் கிடக்காதீர்கள்!

"இடுப்பு வலி எடுத்துவிட்டது" என்று நம் ஊரில் சொல்வார்கள். பிரசவ வலிக்கே நாம் வைத்திருக்கும் பெயர் அதுதான். நம் பாட்டிமார்கள் அனுபவித்துப் பார்த்து வைத்த பெயர்.

அந்த வலி எடுத்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? பாயை விரிக்கிறார்கள். "அசையாமல் படு" என்கிறார்கள். பெண்ணும் பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறாள்.

இது தவறு.

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் உள்ள தாய்மார்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே குடியமர்த்தப்பட்டன. 2015-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் பலர். முன்பு அவர்களுக்கு எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தன. இப்போது எழும்பூருக்கு 20 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். வீடோ ஏழு மாடிக் கட்டிடத்தில்!

முதல் பிரசவத்தில், ஆரம்ப வலி பல மணி நேரம் நீடிக்கும். ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகலாம். அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது? அதுதான் கேள்வி.

ஏன் இடுப்பில் வலிக்கிறது?

கருப்பை சுருங்கிச் சுருங்கி விடுகிறது. அதன் வாய் மெல்லத் திறக்கிறது. அந்த வலி முதுகின் அடியிலும் தெரியும். பெரும்பாலான குழந்தைகள் தாயின் முதுகைப் பார்த்தபடி இறங்கும். சில குழந்தைகள் தாயின் வயிற்றைப் பார்த்தபடி இருக்கும். அப்போது பின்தலை இடுப்பு எலும்பை அழுத்தும். மல்லாந்து படுத்தால் வயிற்றுப் பாரம் முழுவதும் அதே இடத்தில் விழும். வலி கூடாமல் என்ன செய்யும்?

ஆகவே எழுந்திருங்கள். வீட்டுக்குள் மெல்ல நடங்கள். வலி வரும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயுங்கள். தரை மெழுகுவதுபோலக் கையும் முழங்காலும் ஊன்றி இருந்தாலும் இடுப்புக்கு இதம். களைத்துப் போனால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள். பிறகு தெம்பு வேண்டுமே! கஞ்சி, மோர், இளநீர் குடிக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும்.

கை வைத்தியம்

கணவன்மார்களே, இது உங்களுக்கு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பீடி பிடிப்பது உதவி அல்ல. வலி வரும் நேரத்தில் மனைவியின் முதுகின் அடியில் உள்ளங்கையை வைத்து, நிதானமாக அழுத்திப் பிடியுங்கள். "இன்னும் கொஞ்சம் கீழே" என்று அவள் சொல்வாள். அப்படியே செய்யுங்கள். வலி விட்டதும் கையை எடுங்கள். பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பந்தை வைத்தும் உருட்டலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். சூடு கை பொறுக்கும் அளவுதான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். நடப்பது, பிடித்துவிடுவது, ஒத்தடம், துணைக்கு ஓர் ஆள், இவை நல்லவை என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ம் ஆண்டு சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு துணைப் பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அம்மாவோ அக்காவோ மாமியாரோ, யார் கூட வரப்போகிறார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பது வழக்கம். கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். விட்டு விட்டு வந்து, வரவர நெருங்கி, வரவரப் பலமானால் அது பிரசவ வலி. விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கவும் கூடாது. அது குழந்தையைப் பாதிக்கலாம்.

எப்போது புறப்படுவது?

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாக்கத்தில் உள்ளவர்கள் அதற்கும் முன்னதாகவே புறப்பட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் இன்னும் சீக்கிரம்.

பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், காய்ச்சலோ கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தாலும் கடிகாரம் பார்க்க வேண்டாம். உடனே போங்கள். 37 வாரம் நிறையாமல் இடுப்பு வலி வந்தாலும், முன்பு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தாலும் அப்படியே.

மேல் மாடியில் இருப்பவர்கள் கடைசி இரண்டு வாரம் கீழ்த்தளத்தில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. மின்சாரம் போனால் லிப்டும் நிற்கும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு நம் வேண்டுகோள் இதுதான்: கரண்ட் இல்லாத இரவிலும் ஒரு லிப்ட் ஓட வேண்டும், மாடிப்படியில் விளக்கு எரிய வேண்டும். வலியோடு ஒரு பெண் இருட்டில் ஏழு மாடி இறங்கலாமா?

108 ஆம்புலன்ஸ் எந்த நேரமும் வரும். காசு கிடையாது. ஆனால் பெரும்பாக்கத்தில் எல்லாக் கட்டிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. பிளாக் எண், மாடி, கதவு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, இன்றைக்கே சுவரில் ஒட்டுங்கள். போனில் பேசுவது பக்கத்து வீட்டுச் சிறுவனாகக்கூட இருக்கலாம்.