கிணறு முற்றத்தில், சுவிச்சு கனடாவில்

அண்மையில் கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமமொன்றில், எனக்கு மூத்த சகோதரி முறையான ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். எழுபது வயதைக் கடந்தவர், தனியே வாழ்கிறார். மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். தாயார் வெயிலிலும் மழையிலும் கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் வேண்டாம் என்று எண்ணிய மகன், சென்ற முறை வந்தபோது இணையத்தின் வழியாகக் கைத்தொலைபேசியால் இயக்கப்படும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுச் சென்றிருக்கிறார். பழைய சுவிச்சு கழற்றி எறியப்பட்டுவிட்டது. புதிய கருவியில் கையால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

நான் சென்ற மறுநாள் முற்பகல் தாங்கியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ரவுட்டரில் இருந்த டேற்றா முதல்நாள் இரவே முடிந்திருந்தது. ரீலோட் போடுவதற்கு அந்த இணைப்பின் இலக்கம் மகனிடம் மட்டுமே உண்டு. ரொறன்ரோவிலோ நள்ளிரவு கடந்த நேரம். வேலை முடித்து வந்து உறங்குகிற பிள்ளையை எழுப்பத் தாய்க்கு மனமில்லை.

"தம்பி, கிணத்துக்கை தண்ணி நிறையக் கிடக்குது. கரண்டும் இருக்குது. சுவிச்சு மட்டும் கனடாவில" என்றார் அக்கா. சொல்லிவிட்டு வாளியையும் கயிற்றையும் தேடி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பிற்பகலில் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் வந்து அக்கருவியைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிவந்த சாதாரண சுவிச்சு ஒன்றைப் பொருத்தினான். சிறிது நேரத்தில் தாங்கி நிரம்பிற்று.

இச்சிறு சம்பவத்தை முன்வைத்து ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றேன். மின்குமிழுக்கும் மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தண்ணீர் மோட்டருக்கும் இணையம் உண்மையிலேயே தேவையா? கேட்டவுடன், பழமைவாதி என்றும், கணினியைக் கண்டு மிரளுகின்ற பழைய பத்திரிகைக்காரன் என்றும் சிலர் கூறக்கூடும். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இந்த வலைப்பூ வரையில் வந்து சேர்ந்தவன் நான். இணையம் இல்லையேல் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்ற எம்மவரோடு இவ்வாறு பேச எனக்கு வழியேது? எனது வழக்கு இணையத்தோடு அன்று. ஒரு வீட்டுக் கருவியின் முதன்மையான வேலை இணையத்தின் தயவின்றி நடைபெற வேண்டும் என்பதே எனது வாதம். இணையம் அதற்கு மேலதிக வசதியாக இருக்கலாம். நிபந்தனையாக இருத்தல் கூடாது.

இத்தகைய கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் 1990ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். அவ்வாண்டு அமெரிக்காவில் நடைபெற்ற இன்டரொப் கண்காட்சியில் ஜோன் ரொம்கி என்பவர் பாண் வாட்டும் ரோஸ்ரர் ஒன்றை இணையத்தில் இணைத்து, கணினியிலிருந்து அதனை இயக்கிக் காட்டினார். ஆனால் பாண் துண்டை ஒருவர் கையால்தான் வைக்கவேண்டியிருந்தது. அந்தக் குறையைப் போக்குவதற்காக அடுத்த ஆண்டு சிறியதொரு பாரந்தூக்கியையும் அதனுடன் சேர்த்தார்கள். அன்று அது பொறியியலாளர்களின் விளையாட்டு. இன்று அதே விளையாட்டு பெருவணிகமாகி எங்கள் முற்றத்துக்கு வந்திருக்கின்றது.

அதே 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, யூரியா என்று நீண்ட தடைப்பட்டியலில் வானொலிக்குப் போடுகின்ற சிறு பற்றறியும் இருந்தது. வெள்ளைக்காரன் ரோஸ்ரரை இணையத்தில் இணைத்த ஆண்டில் எங்கள் வீடுகளின் சுவிச்சுகள் அனைத்தும் சுவரில் ஒட்டிய வெறும் பொம்மைகளாயின. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறக்கப்படும் வரையில், வன்னியில் ஒரு தலைமுறை இவ்வாறே வளர்ந்தது.

அக்காலத்தில் மக்கள் எவ்வாறு சமாளித்தனர் என்பது இளைய வாசகர்கள் அறியவேண்டிய செய்தி. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் திரிபோட்டு எரித்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் பலர். சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் ஊரே கூடிநின்று கேட்டது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அச்சுத்தாள் கிடைக்காத நாட்களில் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடுபோட்ட கொப்பித் தாள்களில் அச்சாகின.

துன்பத்தைப் பெருமையாக்குவதற்காக இவற்றைக் கூறவில்லை. அந்த நாட்கள் திரும்பவேண்டும் என்று வன்னியில் எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அக்கருவிகளுக்குப் பொதுவான ஒரு பண்பு இருந்ததை இங்கு நினைவுபடுத்துவது பொருத்தமாகும். அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பாவித்தவன் அறிந்திருந்தான். பழுதடைந்தால் திருத்துவதற்கு ஊரிலேயே ஒருவர் இருந்தார். எந்தக் கருவியும் தனது வேலையைத் தொடங்குமுன் கடல்கடந்த கம்பனியொன்றிடம் உத்தரவு கேட்கவில்லை. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் நோக்கி இடம்பெயர்ந்த மக்கள் தண்ணீர்ப் பம்பையும் தையல் இயந்திரத்தையும் உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றார்கள் என்றால், இறக்குகின்ற இடத்தில் அவை இயங்கும் என்ற நம்பிக்கையே காரணம்.

இன்று விற்பனைக்கு வருகின்ற இணையக் கருவிகள் பலவற்றில் இந்த நம்பிக்கையை வைக்க முடியாது. நாம் கைத்தொலைபேசியில் இடுகின்ற கட்டளை நேரே அடுத்த அறையிலுள்ள கருவிக்குச் செல்வதில்லை. அது கடல்கடந்து உற்பத்தியாளரின் அல்லது அவர் வாடகைக்கு எடுத்த கம்பனியின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வருகின்றது. இடையில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும். 2021 டிசெம்பர் 7ஆம் திகதி அமேசன் நிறுவனத்தின் கணினிச் சேவை அமெரிக்காவில் தடைப்பட்டபோது, வீடு கூட்டும் ரூம்பா இயந்திரங்களைக் கைத்தொலைபேசியால் இயக்க முடியாமற் போயிற்று. 2025 ஒக்ரோபர் 20ஆம் திகதி அதே சேவை மீண்டும் தடைப்பட்டபோது, எய்ட் ஸ்லீப் என்ற நிறுவனத்தின் சூடும் குளிரும் தருகின்ற கட்டில்கள் சொற்கேளாமற் போயின. சிலருக்குப் படுக்கை சூடாகவே நின்றது. சிலருக்குச் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது. படுத்துறங்குவதற்கும் இணையம் தேவைப்படுகின்ற நிலையை நாகரிகத்தின் வளர்ச்சி என்று எவ்வாறு அழைப்பது?

தடை தற்காலிகமானதாயின் பொறுத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகவே கைவிடப்பட்டால்? றிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை ஏறக்குறைய 300 டொலர் கொடுத்து அமெரிக்கர்கள் வாங்கினார்கள். அந்த நிறுவனத்தைக் கூகிளின் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட் 2014இல் வாங்கிற்று. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. கருவி பழுதடையவில்லை, உரிமையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒரே நாளில் செயலற்ற பெட்டியாயிற்று. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை இதுதான்.

அடுத்தது, வீட்டுக்குள் நுழைகின்ற கண்ணும் காதும். 2017இல் விசியோ நிறுவனம், தனது தொலைக்காட்சிப் பெட்டிகள் வீட்டிலுள்ளோர் எதைப் பார்க்கின்றனர் என்று அனுமதியின்றிச் சேகரித்தமைக்காக 22 இலட்சம் டொலர் செலுத்த இணங்கிற்று. பாதிக்கப்பட்ட பெட்டிகள் 1 கோடியே 10 இலட்சம். 2023இல் அமேசனின் றிங் கமரா நிறுவனம், வாடிக்கையாளரின் அந்தரங்கப் பதிவுகளை அதன் ஊழியர்கள் பார்க்க இடமளித்தமை தொடர்பான வழக்கில் 58 இலட்சம் டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி, மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் அடிமைப்படுத்தி, அவற்றைக் கொண்டே டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உட்படப் பெருந்தளங்கள் பல மணிநேரம் முடங்கின. வீட்டைக் காவல்காக்க வாங்கிய கமரா, வீட்டுக்காரர் அறியாமலேயே அயலானுக்குக் கல்லெறிந்தது.

கண்காணிப்பு என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை பதிவுகள், எத்தனை தடவை குடும்பப் படம்! அத்தகைய மண்ணில், எவருடைய கணினியில் பதிவாகின்றது என்று தெரியாத ஒரு கமராவை எங்கள் தாயின் விறாந்தையில் நாங்களே பூட்டுகின்றோம். அதற்குக் காசும் நாங்களே கொடுக்கின்றோம்.

இலங்கையின் நிலைமையையும் கருத்திற் கொள்ளவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை இந்த நாடு கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடே இருண்டது என அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. இயற்கை ஒருபுறமிருக்க, 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை அரசாங்கமே முடக்கியது. நெருக்கடி வந்தால் இணையத்தில் கைவைக்கலாம் என்ற பழக்கம் ஆள்வோருக்கு ஏற்பட்டிருக்கின்ற நாட்டில், குடிநீர்த் தாங்கியை இணையத்தோடு கட்டிவைப்பது அறிவுடைமையாகாது.

மறுதரப்பின் நியாயத்தையும் கூறிவிடுகின்றேன். தமிழ்நாட்டில், வயல் தொலைவில் உள்ள விவசாயிகள் பலர் கைத்தொலைபேசி அழைப்பினால் மோட்டரை இயக்குகின்ற கருவியைப் பாவிக்கின்றார்கள். நள்ளிரவில் மின்சாரம் வந்தால் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி வரப்பில் நடக்கவேண்டியதில்லை. இது உண்மையான தேவையிலிருந்து பிறந்த வசதி. ஆனால் அங்கு மோட்டரடியில் கையால் அழுத்துகின்ற பொத்தானும் இருக்கும். அழைப்புக் கிடைக்காவிட்டால் நடந்துபோய்ப் போட்டுக்கொள்ளலாம். தனியே வாழும் முதியவர் விழுந்துவிட்டால் பிள்ளைக்குச் செய்தி அனுப்புகின்ற கருவியையும் நான் எதிர்க்கவில்லை. செய்தி அனுப்புவதே அதன் வேலை. மின்குமிழின் வேலை எரிவது. அதற்கு எவருடனும் பேசவேண்டிய அவசியமில்லை.

வெளிநாடுகள் விழித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லோரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லுடன் இணையக் கருவிகளை விற்பதைத் தடைசெய்கின்றது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகக் கூறவேண்டும் என்கின்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் சட்டம் இயற்றியிருக்கின்றது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசெம்பரில் நடைமுறைக்கு வரவேண்டும். அங்கே விற்கமுடியாமற் போகின்ற சரக்கு எங்கே வந்து குவியும் என்பதை நான் கூறத் தேவையில்லை.

இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கின்றது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கின்றது. அவை செய்யவேண்டியது கடினமான காரியமன்று. இணையம் அற்றாலும் இக்கருவி வேலை செய்யுமா, எத்தனை ஆண்டுகளுக்கு அதன் சேவை நீடிக்கும், வீட்டிலிருந்து எந்தத் தகவலை எந்த நாட்டுக்கு அனுப்புகின்றது என்ற மூன்று கேள்விகளுக்குரிய விடையைப் பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு இறக்குமதியாளரைக் கட்டாயப்படுத்தட்டும். மிகுதியை மக்கள் தீர்மானித்துக்கொள்வார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் மீதுள்ள பாசத்தினாலும், அருகில் இல்லையே என்ற ஏக்கத்தினாலும்தான் இவற்றை வாங்கி அனுப்புகின்றீர்கள் என்பதை நான் அறிவேன். அனுப்புங்கள். ஆனால் வீட்டின் அதிகாரத்தை வீட்டில் இருப்பவரிடமே விட்டுவிடுங்கள். பழைய சுவிச்சைக் கழற்றாதீர்கள். கடவுச்சொல்லையும் இணைப்பின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி அம்மாவின் கையில் கொடுங்கள்.

நான் புறப்படுமுன் அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினார். கருவியைக் கழற்றிய செய்தி கேட்டு அவருக்குச் சிறிது மனவருத்தம். வேறு ஒன்று வாங்கி அனுப்புவதாகக் கூறினார்.

"அனுப்பு ராசா. ஆனா அழுத்திறதுக்கு ஒரு பொத்தான் இருக்கிறதாய்ப் பாத்து அனுப்பு" என்றார் அக்கா.