ப்ளூஸ் கேட்கப் போன இரவும் எங்கட ஊர்க் கவியும்

ப்ளூஸ் எண்டால் சோகப் பாட்டு எண்டு சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அது அரைவாசிதான் உண்மை. ப்ளூஸின் வேர் வேலைத்தலத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக் காட்டிலும், ஆற்று அணைக்கட்டிலும், சிறைக் கூலி வேலையிலும் கறுப்பினச் சனம் பாடிய பாட்டுகளிலிருந்துதான் அது வளர்ந்தது. அதனால் தோப்பூர்க்காரருக்கு அது அந்நியமான இசை இல்லை. ஆனால், கேட்டுக் கைதட்டிவிட்டு வாறதோட நிண்டால் அதால எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

போன வருசம் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போன இடத்தில், கூட்டாளி ஒருவன் ப்ளூஸ் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சின்ன மண்டபம்; கதிரை பத்தாமல் பாதிப்பேர் நிண்டுகொண்டிருந்தார்கள். கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், மவுத் ஓர்கன், அவ்வளவுதான். பாடகர் ஒரு வரியைப் பாடுவார். அதே வரியை இன்னொருக்காப் பாடுவார். மூண்டாவது வரி அதுக்குப் பதிலாக வரும். ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கிட்டார் மறுமொழி சொல்லும். அரை மணித்தியாலத்துக்குள் சபையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கட்டு எங்களுக்குத் தெரிந்ததுதான். கரைவலை இழுக்கிற ஆக்கள் பாடுகிற அம்பாவில் ஒருவர் முன்னுக்குப் பாட, மற்றவர்கள் பின்னுக்கு எடுப்பார்கள். சூடு மிதிக்கும்போது பொலி பாடியது, வயலில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே கவி சொன்னது எல்லாம் கேள்வியும் பதிலுமாகத்தான். உடம்பு நோவை மறக்க ஒரு தாளம், மனசில் கிடக்கிறதைச் சாடையாகச் சொல்ல ஒரு வரி. ரெண்டு ஊருக்கும் தேவை ஒண்டுதான்.

ரெண்டு வரலாறும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரவில்லை. அடிமைச் சந்தையில் விலைப்பட்ட சனத்தின் வலியை எங்கட வலியோட சமன்படுத்துவது நியாயமில்லை. ஆனால் அந்த வரலாற்றின் ஒரு கிளை எங்கட நாட்டிலேயே இருக்கிறது. போர்த்துக்கீசரும், பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பையடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய மாஞ்சா பாட்டு போர்த்துக்கீசக் கலப்பு மொழியில் இருக்கிறது. இளைய ஆக்களிடம் மொழி போய்விட்டது, பாட்டு நிக்கிறது. கொழும்பில் டிக்கெட் எடுத்து ப்ளூஸ் கேட்கிற எங்களில் எத்தனை பேர் மாஞ்சாவைக் கேட்டிருக்கிறோம்?

“இசை எங்களுக்குச் சரிவராது” எண்டு சொல்லுகிற பெரியாக்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோட சண்டைக்குப் போக நான் விரும்பவில்லை. ஒரு விசயம் மட்டும் சொல்ல வேணும். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி 1998இல் ஒரு நூல் எழுதிய வரலாற்றாசிரியர் சில்வியான் டியூப், வயல்வெளியில் குரலை இழுத்து, வளைத்துப் பாடிய பழைய கூவல் பாட்டுகளில் பாங்கோசையின் சாயல் இருப்பதாகக் காட்டுகிறார். தொடர்பு எவ்வளவு நேரடியானது எண்டதில் வாதம் உண்டு. ஆனாலும் அது யோசிக்க வைக்கிறது. எங்கட கவிக்கும் வாத்தியம் தேவைப்படவில்லை, குரல் மட்டும்தான்.

உண்மையான தடை வெட்கம். ப்ளூஸையும் ஒரு காலத்தில் தேவாலயக்காரர் சாத்தானின் பாட்டு எண்டார்கள். படித்தவர்கள் அதைத் தள்ளி வைத்தார்கள். எங்கட ஊரில் கவி தெரிந்த மூத்தம்மாவிடம் ஒண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டால், “அது படிக்காத காலத்துக் கதை மனே” எண்டு வாயைப் பொத்துவா.

1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜோன் வேர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாட்டுப் பதிவு செய்ய மிசிசிப்பிக்குப் போனார்கள். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அவருடைய வீட்டிலேயே பாடவைத்துப் பதிந்தார்கள். தன் குரலைத் தானே கேட்டபோதுதான் தன்னால் முடியும் எண்ட நம்பிக்கை வந்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். 1943இல் சிக்காகோவுக்கு ரயில் ஏறினார். அவர்தான் மடி வாட்டர்ஸ். அவர் பாட்டுக்குப் பின்னால் போன ஆக்கள் கொஞ்சநஞ்சமில்லை. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழு தன் பெயரையே அவருடைய ஒரு பாட்டிலிருந்துதான் எடுத்தது.

1927இல் மிசிசிப்பி ஆறு பெருகி லட்சக்கணக்கான சனத்தைத் துரத்தியது. ரெண்டு வருசம் கழித்து சார்லி பேட்டன் அதைப் பாட்டாகப் பதிந்தார்; இண்டைக்கும் கேட்கலாம். எங்களுக்கு 2004இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர்ப் பக்கத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோட கந்தளாய்க்கு ஓடியது. இதையெல்லாம் யாராவது கவியாகச் சொல்லி அழுதிருப்பார்கள். அதில் எது பதிவில் இருக்கிறது?

அல்லைத் திட்ட வயலில் இப்ப மெசின்தான் வெட்டுகிறது. மெசின் சத்தத்துக்குள் யார் கவி சொல்லுவார்? வேலை போனால் வேலைப்பாட்டும் போகும். அதை மறிக்க ஏலாது. ஆனால் அதைப் பாடிய குரல்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன, கொஞ்சக் காலத்துக்கு.

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, வெளியூர் போனால் ப்ளூஸ் நிகழ்ச்சி கிடைத்தால் கட்டாயம் போய்க் கேளுங்கோ. தங்கச்சிமாரும் பயமில்லாமல் போய்வரக் கூடிய இரவுகள் வேணும் எண்டதையும் சேர்த்தே கேட்போம். திரும்பி வந்து போனை எடுத்துக்கொண்டு மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கோ. அனுமதி கேளுங்கோ. பேர் போட வேணாம் எண்டால் போடாதீங்கோ. எந்த வயலில், எந்தக் காலத்தில், யாரிடம் பழகியது எண்டதையும் கேட்டு எழுதுங்கோ. பதிந்ததை முதலில் அவவுக்கே போட்டுக் காட்டுங்கோ. தன் குரலைக் கேட்கிற உரிமை முதலில் அவவுக்குத்தான்.