இதுக்கு எதுக்குங்க மெட்டல்?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஒரு ஐடியா தோணியிருக்கும். கைடு ரூம் வாசல் வரைக்கும் போயிருப்பீங்க. அப்போ பார்த்து உள்ளே ஒரு குரல்... "இவ்வளவு சிம்பிளா இருக்கே, இதை எவனும் முன்னாடியே செஞ்சு பார்த்திருக்க மாட்டானா? சொன்னா சிரிப்பாங்களே!" அப்படியே யு டர்ன் அடிச்சு கேன்டீனுக்கு வந்துட்டீங்கதானே?

இந்த வார ஆளுக்கும் அதே குரல் கேட்டது. பெயர் பெஞ்சமின் லிஸ்ட். கெமிஸ்ட்ரி புரொஃபசர்.

1968-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். பெர்லினில் டிகிரி, 1997-ல் சொந்த ஊரில் பிஹெச்.டி. அப்புறம் கலிஃபோர்னியாவில் ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையம். (இவர் அம்மாவின் சகோதரி, 1995-ல் மருத்துவ நோபல் வாங்கியவர். அந்த வீட்டு விசேஷங்களில் 'நீ என்னப்பா பண்றே?'னு கேட்டா எப்படி இருந்திருக்கும்!) 1999-ல் ஸ்க்ரிப்ஸிலேயே அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆகிறார். இனி சொந்தமா ஏதாவது செஞ்சு காட்டியாகணும்.

கொஞ்சம் பாடம். வினையூக்கி, அதாவது கேட்டலிஸ்ட், நம்ம ஊர் கல்யாணத் தரகர் மாதிரி. ஜோடியைச் சேர்த்து வெச்சுட்டு, தான் எந்தச் சேதாரமும் இல்லாம அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடும். ஆனா ஒரு சிக்கல். நிறைய மூலக்கூறுகள் செருப்பு மாதிரி, இடது வலதுன்னு ரெண்டு வகையா வரும். பார்க்க ஒண்ணுபோல இருந்தாலும் மாத்திப் போட்டா அவஸ்தைதான். மருந்து தயாரிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஒரு கால் செருப்பு மட்டும்தான் வேணும்.

அதைத் தனியாத் தயாரிக்க ரெண்டே வழிதான்னு அப்போ எல்லோரும் நம்பிட்டிருந்தாங்க. ஒண்ணு உலோகம், இன்னொண்ணு என்சைம். உலோகங்களில் பல விலை ஜாஸ்தி, சிலது விஷம். காத்து பட்டா, ஈரம் பட்டா கெட்டுப்போற உலோகக் கேட்டலிஸ்ட்டுகளும் நிறைய. லேபில் சமாளிச்சுடலாம். ஃபேக்டரியில் டன் கணக்கில் செய்யும்போது?

லிஸ்ட் யோசிச்சது என்சைம் பக்கம். அது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த பெரிய உருவம். ஆனா உள்ளே நிஜமா வேலை பார்க்கிறது பல நேரம் ஒண்ணு ரெண்டு அமினோ அமிலம்தான். உலோகமே இல்லாமலும் பல என்சைம்கள் ஓடுது. அப்படின்னா அந்த ஒருத்தரை மட்டும் தனியாக் கூப்பிட்டு வேலை வாங்கினா என்ன?

அவர் எடுத்தது புரோலின். நம்ம உடம்பிலேயே இருக்கிற, மொத்தம் 17 அணுக்கள் கொண்ட, சல்லிசான சரக்கு. 1970-களின் தொடக்கத்திலேயே ரெண்டு மருந்து கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு வினைக்கு இதைப் பயன்படுத்தியிருந்தாங்க. அதுக்கப்புறம் கால் நூற்றாண்டா யாரும் பெரிசா சீந்தலை. அதுதான் லிஸ்ட்டைக் குழப்பியது. நல்ல சரக்கா இருந்தா விட்டிருப்பாங்களா? அசட்டு ஐடியாவோன்னு நினைச்சுக்கிட்டேதான் சோதனையைச் செஞ்சார்.

நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன், ஒரு ஆல்டிஹைடு, கொஞ்சம் புரோலின். அறை வெப்பநிலையிலேயே வினை நடந்தது! 100 மூலக்கூறில் சுமார் 88 ஒரு கால் செருப்பு, 12 மறு கால். பிரமாதம்னு சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஆல்டிஹைடில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு அளவுக்கு புரோலின் தேவைப்பட்டது. தரகர் கொஞ்சம் ஜாஸ்திதான்! ஆனா கதவு திறந்துடுச்சு. 2000-ல் கட்டுரை வெளியானது.

அதே வருஷம், இவருக்குச் சம்பந்தமே இல்லாம டேவிட் மேக்மில்லன் என்ற கெமிஸ்ட்டும் பெர்க்லியில் இதே மாதிரி உலோகமில்லாத கேட்டலிஸ்ட் செஞ்சு, 'ஆர்கனோகேட்டலிசிஸ்'னு பெயரும் வெச்சுட்டார். இதனால் என்ன லாபம்? எட்டிக்கொட்டை விஷம் தெரியுமில்லையா, ஸ்ட்ரிக்னின். 1950-களில் அதை முதன்முதலா லேபில் தயாரிக்க 29 படிகள் ஆச்சு. போட்ட சரக்கில் 0.0009 சதவிகிதம்தான் கடைசியில் மிஞ்சியது. மத்ததெல்லாம் வீண். 2011-ல் மேக்மில்லன் குழு புது முறையில் 12 படிகளில் முடிச்சது. திறன் 7,000 மடங்கு!

லிஸ்ட் 2003-ல் ஜெர்மனி திரும்பினார். சேர்ந்த இடம் முல்ஹைமில் நிலக்கரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட மேக்ஸ் பிளாங்க் நிலையம். உலோகக் கேட்டலிஸ்ட்டுக்காக 1963-ல் நோபல் வாங்கிய கார்ல் சீக்லர் தலைமை வகித்த இடம்! சிங்கத்தின் குகைக்குள்ளேயே போய் 'மெட்டல் வேணாம்'னு கடை விரிச்சார். 2004 டிசம்பர் 26 அன்று குடும்பத்தோட தாய்லாந்துக் கடற்கரையில் இருந்தார். அந்தத் தேதியை நமக்கு யாரும் விளக்க வேணாம். மனைவி, குழந்தைகள் எல்லோரும் பிழைச்சாங்க. மறு வருஷம் அந்த நிலையத்தின் இயக்குநர்களில் ஒருவரானார்.

2021 அக்டோபர் 6. ஆம்ஸ்டர்டாமில் மனைவியோட ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தார். போனில் 'ஸ்வீடன்'னு வந்தது. ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல்! அமெரிக்காவில் அப்போ விடிஞ்சும் விடியாத நேரம். லிஸ்ட் செய்தி அனுப்பி எழுப்பினா, யாரோ விளையாடுறாங்கன்னு அடிச்சுச் சொன்ன மேக்மில்லன், 1,000 டாலர் பந்தயமும் கட்டிட்டு மறுபடி தூங்கப் போயிட்டார். பந்தயத்தில் தோத்தது எழுந்த பிறகுதான் தெரிஞ்சது.