எழுத்தும் பின்னணிப் படமும்

நாடக மேடையிலே பின்திரை ஒன்று தொங்கும். நடிகன் பேசும்போது நம் கண் அத்திரையிலேயே நிற்குமாயின் நாடகம் தோற்றதாகும். இணையப்பக்கத்தில் எழுத்துக்குப் பின்னே வைக்கும் படமும் அத்தகையதே என்பது என் கருத்து.

மாணவர்களே! என் பழைய மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பள்ளிக்கென ஓர் இணையப்பக்கம் அமைத்துக் காட்டினார். பள்ளி வளாகத்து வேப்பமரம் பக்கமெங்கும் பரந்து நின்றது. அழகிய படந்தான். அதன்மீது வெண்ணிற எழுத்தில் இருந்த அறிவிப்பை, 'நாளை பல மருத்துவர் வருகை' எனப் படித்து மகிழ்ந்தேன். அவரோ, "ஐயா, வருபவர் பல் மருத்துவர், அவரும் ஒருவரே" என்றார். லகரத்தின் மேலிருந்த புள்ளி, இலைகளினூடே தெரிந்த வெயிற் புள்ளிகளோடு கலந்து மறைந்துவிட்டது! என் முதுமைக் கண்ணும் ஒரு காரணமாகலாம். ஆயினும் முதியோரும் படிப்பதற்கன்றோ அறிவிப்பு?

எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்றஞ்சி, ஏடெழுதியோர் புள்ளியிடாது விடுத்தனர் என்பர். அதனாற் பிற்காலப் பதிப்பாசிரியர் உற்ற இடர் பெரிது. அச்சில் நிலைபெற்ற அப்புள்ளியை ஒரு படத்தின்பொருட்டு நாம் மீண்டும் இழத்தல் தகுமோ?

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகல் நெறிகள், சிறிய எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது என்கின்றன. வெள்ளைமேற் கறுப்பு 21-க்கு 1 ஆகும். ஒரே படத்தில் வானம் வெளுத்தும் மரம் கறுத்தும் இருப்பின், ஓரிடத்தில் விளங்கும் எழுத்து மற்றோரிடத்தில் மங்கும். ஆதலின் படத்திற்கும் எழுத்துக்கும் இடையே மெல்லிய கருநிறத் திரை ஒன்றை விரித்தல் வேண்டும். படத்தின் அடியிலும் ஒரு நிறம் இருத்தல் வேண்டும். இன்றேல், படம் வந்து சேராதபோது வெண்ணிற எழுத்து வெண்பக்கத்திற் கரைந்துபோம். அறிவிப்பையே படத்துள் எழுதிப் பின்னணியாக்குவாரும் உளர். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் அதனைப் படிப்பதில்லை. இது பெரும் பிழை.

அம்மாணவர் மரத்தை வெட்டவில்லை. பக்கத்தின் தலைப்பகுதிக்கு நகர்த்தினார். அறிவிப்பு அதன்கீழ் வெறுந்தரையில் அமர்ந்தது. மறுநாள் திறந்து பார்த்தேன். பல் மருத்துவர் ஒருவரே வந்திருந்தார்.