கலை சோற்றில் முளைப்பதில்லை

தஞ்சாவூர்ப் பக்கம் கலையைப் பற்றிப் பேச்செடுத்தால், அது சுற்றிச் சுற்றிச் சோற்றில் வந்துதான் நிற்கும். காவிரி பாய்ந்தது, முப்போகம் விளைந்தது, பத்தாயம் நிரம்பியது, வயிறு குளிர்ந்தவன் பாட்டும் சிலையும் ஓவியமும் படைத்தான். பட்டிமன்ற மேடையிலும் கும்பாபிஷேக மலரிலும் கல்யாணப் பந்தியிலும் இதே பல்லவிதான். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஊர்ப்பெருமை என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை. வெறும் பெருமை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது கைவேலைக்காரர் வயிற்றில் அடிக்கிற பெருமை.

விளைச்சலின் உபரிதான் கலை என்றால், ஒரு நெல்மணிகூட முளைக்காத நாட்டில் கலை இருக்கவே கூடாது. இருக்காது என்றுதான் நாமும் நம்புகிறோம். நம் பள்ளிக் கண்காட்சிகளில் வட துருவம் எப்படி வருகிறது? தெர்மோகோலை வெட்டி ஒட்டிய ஒரு இக்ளூ, சுற்றிலும் பஞ்சு, வாசலில் ஒரு பென்குவின். பென்குவின் தென்பாதிப் பூமியின் பறவை. இனுயிட் மக்கள் வாழ்வதோ வட கோடியில். பனிக்கட்டி வீடும் அவர்கள் எல்லோருக்கும் பொதுவானதில்லை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில்தான் அது குளிர்கால வீடாகப் பரவலாக இருந்தது. கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் பெரும்பாலோர் கல்லும் புல்மண்ணும் மரக்கட்டையும் திமிங்கில எலும்பும் வைத்துக் கட்டினார்கள். ஒரு நாட்டையே பஞ்சால் மூடிவிட்ட பிறகு, அங்கே செதுக்கிய கை ஒன்று இருந்ததா என்று எந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றும்?

இருந்தது. டார்செட் பண்பாடு என்று தொல்லியலாளர்கள் சொல்லும் மக்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, 1,500 ஆண்டுகளுக்கு மேல் கனடாவின் வடக்கில் வாழ்ந்தார்கள். வால்ரஸ் தந்தத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் பனிக்கரடிகளைச் செதுக்கினார்கள். கால்களை நீட்டி நீரிலோ வானிலோ மிதப்பது போன்ற கரடி. அதன் உடல் மீது எலும்புக்கூட்டைக் காட்டும் மெல்லிய கீறல்கள். அவர்களிடம் துளைபோடும் கருவி கிடையாது. துளை வேண்டுமென்றால் கீறிக் கீறித்தான் போட வேண்டும். அவர்களுக்குப் பின் வந்த இனுயிட் பெண்கள் கயாக் படகுக்குத் தோல் தைத்தபோது, ஊசியைத் தோலின் பாதிக் கனம்வரை மட்டும் ஓட்டித் திருப்பினார்கள். மறுபக்கம் ஓட்டை விழாது, தண்ணீரும் புகாது. கிழக்கு கிரீன்லாந்தில் குனிட் என்பவர் கடற்கரையின் வளைவு நெளிவுகளைக் கட்டையில் செதுக்கி வைத்திருந்தார். 1885-இல் டென்மார்க்கின் கடற்படை அதிகாரி குஸ்டாவ் ஹோல்ம் அதை வாங்கிப் போனார். விரலால் தடவினாலே முனை எது, குடா எது என்று தெரியும் வரைபடம் அது. மரமே வளராத அந்தக் கரைக்குக் கட்டை கடலில் மிதந்து வந்தது. எந்தப் பத்தாயத்து உபரி இதையெல்லாம் செய்தது?

பசிதான் கலைக்குத் தாய் என்று உடனே எதிர்ப்பக்கம் தாவ வேண்டாம். அதுவும் வயிறு நிறைந்தவர்கள் கட்டிய கதைதான். ஜெஸ்ஸி ஊனார்க் கனடாவின் பேக் ஆற்றுப் பக்கம் மான் வேட்டையை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பெண். 1950-களின் இறுதியில் அந்தப் பகுதியில் பஞ்சம் வந்து பலர் செத்தார்கள். ஊனார்க் 1958-இல் பேக்கர் லேக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதன் பிறகுதான் காகிதமும் வண்ணப் பென்சிலும் அவர் கைக்கு வந்தன. நம் தேர்த் தொம்பையைப் போலத் துணியை வெட்டி வைத்துத் தைத்த அவருடைய பிரமாண்டமான சீலை ஒன்று ஒட்டாவாவின் தேசியக் கலை மையத்தில் தொங்குகிறது. அவரை ஓவியராக்கியது பட்டினி இல்லை. தோல் வெட்டி உடுப்புத் தைத்துப் பழகிய கை அவரிடம் முன்பே இருந்தது. வரையப் பொருளும், வாங்க ஆளும் பிறகு கிடைத்தார்கள். கலைக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

துருவம் வரை போவானேன், நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சையைச் சூறையாடியது. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, வாய்க்கால்கள் பாழாயின, ஊர்கள் காலியாயின. ஹைதர் கலாபம் என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறை பயந்தது. அப்போது தியாகராஜருக்கு 14 வயது. சியாமா சாஸ்திரி அவருக்கு மூத்தவர், முத்துசுவாமி தீட்சிதர் சின்னப் பிள்ளை. 1799-இல் இரண்டாம் சரபோஜி நாட்டைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குள் ஒடுங்கினார். தஞ்சாவூர் இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிற சங்கீதமும் தஞ்சை நால்வரின் நாட்டியமும் தஞ்சாவூர்த் தட்டும் அதற்குப் பின் வந்த காலத்தில்தான் தழைத்தன. தியாகராஜர் அரண்மனை வாசலை மிதிக்காமல், திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்தி எடுத்து அரிசி வாங்கியவர். பத்தாயம் நிரம்பியதால் பிறந்த சங்கீதம் இது என்று எந்த முகத்தோடு சொல்வது?

பெரிய கோயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒதுக்கியதைக் கல்வெட்டே சொல்கிறது. நெல் இல்லாமல் அத்தனை உயரத்துக்கு ஒரு விமானம் எழும்பியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெல் தந்தது உயரத்தையும் எண்ணிக்கையையும். ஆடிய அடவை அந்தப் பெண்கள் பயிற்சியில் பெற்றார்கள். பத்தாயத்திலிருந்து அள்ளி எடுக்கவில்லை.

காவிரி கலைக்கு நேரடியாகத் தந்தது சோற்றைவிட மண்ணைத்தான். சுவாமிமலையில் மெழுகுச் சிலை மேல் முதலில் பூசுவது ஆற்று வண்டல். மெழுகில் போட்ட கோடு பிசகாமல் உலோகத்தில் இறங்குவது அந்த நைசான மண்ணால்தான். நாச்சியார்கோயில் விளக்குக்கு வார்ப்பு எடுப்பதும் இந்த ஆற்று மண்ணில்தான். நெட்டியோ நெல்லுக்கு ஆகாத இடத்தில் வளர்வது. ஏரியிலும் குளத்திலும் தண்ணீர் தேங்கிய சதுப்பில் தானாக வரும் தண்டு. காயவைத்து மேல்தோலைச் சீவினால் உள்ளே பனிக்கட்டி போல வெளேரென்று சதை. அதைக் கத்தியால் தகடு தகடாக அரிந்து, பசை தடவி ஒட்டி, ஆணியும் சாயமும் இல்லாமல் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் தொங்குவதும் இதே நெட்டிதான். இதைக் கையருகே வைத்துக்கொண்டு நம் பள்ளிகள் இக்ளூ செய்யத் தெர்மோகோல் வாங்குகின்றன.

சோற்றுக் கதையால் என்ன கேடு என்று இப்போது விளங்கும். ஆறு பாய்ந்தால் கலை தானாக விளையும் என்று நம்புகிறவர்கள், மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். நெட்டி வளரும் ஏரி தூர்ந்ததா, வார்ப்புக்காரருக்குக் கூலி கட்டுபடியாகிறதா, அவர் பிள்ளை தொழிலுக்கு வருகிறானா என்று கேட்க மாட்டார்கள். புகழையும் ஆற்றுக்கும் அரசனுக்கும் மிராசுக்கும் பங்கு வைத்துவிடுவார்கள். செய்தவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அது ஊர்ப்பெயரைக் காக்கும், செய்தவர் பெயரைச் சொல்லாது.

நெல்லே இல்லாத கிங்கைட் இதில் நமக்கு வாத்தியார். பாஃபின் தீவை ஒட்டியுள்ள அந்தச் சிற்றூரில் அச்சோவியக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் 1959 முதல் ஆண்டுதோறும் தொகுப்பு வெளியிடுகிறது. ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 50 பிரதிதான். வரைந்தவர் யார், கல்லில் வெட்டி அச்சிட்டவர் யார் என்று இரண்டு பெயரும் பதிவாகும். 1960-இல் வந்த மாய ஆந்தையை வரைந்தவர் கெனோஜுவாக் அஷேவாக் என்பது கனடா முழுக்கத் தெரியும். 1970-இல் அது அந்நாட்டுத் தபால்தலையிலேயே ஏறியது.

நம்மால் முடியாத காரியமா இது? விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு நெட்டிக் கோபுரத்தின் அடியிலும், ஒவ்வொரு தட்டின் பின்னாலும் செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கட்டும். அரசுக் கடைகள் நாளைக்கே தொடங்கலாம். வாங்குகிறவர்கள் பெயரில்லாத பொருளை வேண்டாம் என்று சொல்லலாம். அதுவரை, சோறு கண்ட இடத்தில்தான் சொர்க்கமும் கலையும் என்று மேடையில் முழங்குகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்களே தஞ்சாவூர்ப் படம், அதை எழுதியவர் பெயர் என்ன?